அமாவாசைக்கு அமாவாசை கழுவிய ஃபிரிட்ஜ்

ஆப்ப சோடாவும் பிச்சிப்பூவும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை... எங்கள் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஃபிரிட்ஜ் அதுதான்.

இப்போதும் வீட்டில் ஒன்று நிற்கிறது. இரண்டு கதவு, ஆள் உயரம். போன வாரம் அதை அணைத்துக் கழுவலாம் என்று ஸ்விட்சில் கை வைத்தேன்.

"மாமா, அது ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஐஸே கட்டாது. நீங்க தொடாதீங்க" என்றாள் மருமகள்.

தொடக் கூடாதாம்! இத்தனை வருஷம் மெக்கானிக் கை படாமல் ஒரு ஃபிரிட்ஜை ஓட்டியவனிடம் சொல்கிற சொல்லா இது?

நான் எட்டாவதோடு நின்றவன். தாலுகா ஆபீஸில் பியூன். ஃபிரிட்ஜோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து முடித்தேன். சுவரை விட்டு அரை அடி தள்ளி வைக்க வேண்டும். பின்னால் உள்ள கறுப்புக் கம்பி வலையில் தூசி சேரக் கூடாது. கத்தியால் ஐஸைக் குத்தவே கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

கழுவுகிற நாள் அமாவாசை. அன்றைக்கு வீட்டில் பழையது எதுவும் இருக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் ஃபிரிட்ஜும் தானாகக் காலியாகிவிடும். காலையில் ஸ்விட்சை அணைத்துக் கதவைத் திறந்து போட்டால், ஐஸ் சொட்டுச் சொட்டாக உருகித் தட்டில் விழும். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து உள்ளே துடைப்பேன். கதவு ரப்பரின் மடிப்பில் விரலில் துணி சுற்றி அழுக்கெடுத்து, காய்ந்ததும் முகப்பவுடர் பூசுவேன். பின்பக்கக் கம்பியின் தூசியைப் பழைய வாரியலால் பெருக்கி எடுப்பேன்.

"எனக்கு ஒரு நாள் கூட பவுடர் போட்டு விட்டதில்ல" என்பாள் என் மனைவி பார்வதி.

அந்த ஃபிரிட்ஜில் எங்கள் சாமான் பாதிதான். மீதி தெருவுடையது. ஒரு வீட்டுத் தோசை மாவு, ஒரு வீட்டுப் பிச்சிப்பூ. எல்லாவற்றையும் விட முக்கியம், பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சியின் இன்சுலின். தினமும் காலையில் அவர் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், வந்து எடுத்துப் போய் ஊசி போட்டுவிட்டுத் திரும்ப வைப்பார்.

ஒரு அமாவாசை... வழக்கம் போல மருந்தை ஈர மணல் போட்ட மண்பானையில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜைக் கழுவினேன். சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் வோல்டேஜ் இல்லை. உள்ளே சீக்கிரம் குளிராது. அண்ணாச்சி மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று, முதலில் குளிர்கிற இடமான, மேலே உள்ள ஐஸ் அறைக்குள்ளேயே அதை வைத்தேன். நல்ல எண்ணம்தான்.

காலையில் மைனி வந்தார். ராத்திரியில் வோல்டேஜ் ஏறியிருக்க வேண்டும், பாட்டிலுக்குள் மருந்து கல்லாக இருந்தது.

"என்ன தம்பி இது? இது ஒண்ணத்தான வச்சிருந்தேன்? வேற ஒண்ணு கூட கிடையாதே!"

"ஒண்ணுமில்ல மைனி. உருகினா சரியாயிரும்."

பார்வதி மருந்து வந்த அட்டை டப்பாவை என் கையில் திணித்தாள். "அந்தப் புஸ்தகத்த அம்புட்டு நாள் படிச்சியளே, இந்த ரெண்டு வார்த்தையப் படிச்சியளா?"

உறைய விடக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. "ஃபிரிட்ஜ் புஸ்தகத்துல மருந்தப் பத்தி ஒரு வரி இல்ல" என்றேன். உண்மை அது. இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் கம்பவுண்டர் பார்த்ததும் கீழே கொட்டச் சொல்லிவிட்டார். ஊரில் அந்த மருந்து இல்லை. ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு, காப்பி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். திரும்பும்போது பிளாஸ்க் அடியில் ஐஸ், நடுவில் துணி, மேலே மருந்து. ஐஸ் மருந்தில் படக் கூடாதே என்று வழி முழுக்கத் திறந்து திறந்து பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூரில் ஏறின ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தனியா குடிக்காதீங்க. எனக்கும் ஒரு மூடி ஊத்துங்க" என்றார்.

நான் பிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கஞ்சப்பயல் என்று நினைத்திருப்பார்.

அண்ணாச்சி வீட்டில் மத்தியானச் சோறு அப்படியே மூடியிருந்தது. ஊசி போடாமல் அவர் தொடவில்லை. முகம் வாடிக் கிடந்தது. மன்னிப்பு கேட்பதற்குப் பதிலாக மருந்தை நீட்டினேன். மைனி ஊசி போட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கள் வீட்டுப் பக்கம் நகரவில்லை.

"மண்பானையிலயே வச்சிக்கிடுதேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அண்ணாச்சி சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்தார்.

"ஏட்டி, அவன்கிட்டயே குடு. தப்பு பண்ணினவன்தாம்ட்டி இனி பத்திரமா வைப்பான்." என்னைப் பார்த்து, "என்னவே நிக்கீரு? கொண்டு போயி வையும். மேல வையாதியும்!"

அதற்குப் பிறகு ஒரு அமாவாசைக்கும் நான் பிசகவில்லை.

சில வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்கும் ஃபிரிட்ஜ் வந்தது. மருந்தை எடுத்துப் போக மைனி வந்தபோது, ஐஸ் அறையில் வைத்துவிடாதீர்கள் என்றேன். "எங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். மைனி மகனோடு கோயம்புத்தூரில். தெருவில் இப்போது ஃபிரிட்ஜ் இல்லாத வீடு இல்லை. எதையும் வைக்கச் சொல்லி யாரும் கதவைத் தட்டுவதில்லை. வசதிதான்... மறுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு என் ஃபிரிட்ஜுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் உயிர் இருந்தது. இன்றைக்கு நேற்று வைத்த சாம்பார் இருக்கிறது.