வலது கை பிரேக்

எங்கள் அச்சகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எட்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். இரண்டு கையும் சேர்த்து எட்டு விரல்தான் அவனுக்கு. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு கிடையாது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அவனேதான். விபத்து நடந்து ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் நின்றோம். அவன் கையைத் தூக்கிக் காட்டி, "பத்துல ரெண்டு போனா எட்டு. சரியா இருக்கா பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

நான் அங்கே ஃபோர்மேன். என் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற சொல் "சீக்கிரம்". பிறக்கும்போதே சீக்கிரம் என்று கத்திக்கொண்டுதான் பிறந்திருப்பேன் என்பாள் என் மனைவி. அந்தச் சொல்லால் என்னென்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எட்டுக்குக் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. பழைய மெஷின் அது. கத்தி இறங்க வேண்டுமென்றால் இடது பட்டனையும் வலது பட்டனையும் ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் கத்திக்கு அடியில் இருக்காது, அதுதான் ஏற்பாடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவசர வேலை ஒன்று வந்தது. காலை ஷிப்டில் அந்த மெஷினில் நின்றது நான். வலது பட்டனை அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஒரு கையால் கத்தியை இறக்கலாம், மறு கையால் காகிதத்தை நகர்த்தலாம், வேலை பறக்கும். பறந்தது. மதியம் சாப்பிடப் போனபோது டேப்பை எடுக்க மறந்தேன். மதிய ஷிப்டுக்கு வந்த எட்டிடம் சொல்லவும் மறந்தேன். கருப்புப் பட்டன், கருப்பு டேப்.

அவனுக்கு ஒரு பழக்கம். இடது கட்டை விரலைப் பட்டனில் சாய்த்து வைத்துக்கொண்டே வலது கையால் காகித அடுக்கைத் தட்டி நேராக்குவான். இரண்டு பட்டன் மெஷினில் அது தப்பே இல்லை. அன்றைக்கு மட்டும் தப்பாகிவிட்டது.

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் ஓடவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நகத்தால் டேப்பை உரித்தேன். இரண்டு நாள் கழித்து விசாரிக்க வந்த அதிகாரியிடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "கை தவறிடுச்சு சார்" என்று சொல்லி இடது கையால் கையெழுத்துப் போட்டான் எட்டு. நான் பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்தேன்.

அவனுடைய பைக்கின் கதை அதற்குப் பிறகு வந்தது. மீதி மூன்று விரலால் ஆக்சிலேட்டரைப் பிடிக்க முடிந்தது. ஆனால் முன் பிரேக் லிவரை எட்டிப் பிடித்தால் சுண்டு விரல் எக்குத்தப்பாக இழுத்துவிடும். ஒரு தடவை அப்படி நடுரோட்டில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். மெக்கானிக்கிடம் போய், "இந்தப் பிரேக்கே எனக்கு வேண்டாம்" என்றான். மெக்கானிக் கேபிளை சக்கரத்திலிருந்து கழற்றினான். லிவர் தொளதொளவென்று ஆடினால் போலீஸ் பிடிக்கும் என்று கேபிளின் நுனியை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டிவிட்டான். பிடித்தால் நிஜப் பிரேக் மாதிரியே விறைப்பாக இருக்கும். சக்கரம் மட்டும் நிற்காது. ஒரு சோதனையில் போலீஸ்காரர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லா இருக்கு, போ" என்று அனுப்பினாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வருஷம் சிரித்தோம். எட்டின் டம்மி பிரேக் அச்சகம் முழுக்கப் பிரசித்தம். வாட்ச்மேனுக்குத் தெரியும், மை கொண்டுவருகிறவனுக்குத் தெரியும், முதலாளிக்கே தெரியும். காலால் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, மாட்டு வண்டி வேகத்தில், பத்து வருஷத்துக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான். நாளாவட்டத்தில் அந்த நகைச்சுவை பழசாகிவிட்டது. யாரும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

புது டிசைனர் வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

முப்பது வயதிருக்கும். மரியாதையான பிள்ளை, என்னை சார் என்றும் எட்டை அண்ணா என்றும் கூப்பிடுவார். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மதியம் இரண்டரை மணிக்கு அவருடைய மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். வீட்டு ஸ்கூட்டரை மனைவி வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். அவர் கையைப் பிசைந்துகொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"எட்டு, உன் வண்டியைக் குடுப்பா" என்றேன்.

எட்டு வண்டியை யாருக்கும் கொடுப்பதில்லை. தலையைச் சொறிந்தான். "நானே கொண்டுபோய் விடறேன் அண்ணே."

"மெஷினை யாரு பாக்கறது? நாலு மணிக்கு டெலிவரி. சாவியைக் குடு, சீக்கிரம்."

சாவியை எடுத்தான். வாசல்வரை கூடவே போய் ஒவ்வொன்றாகச் சொன்னான். நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, சோக்கை இழுத்துட்டு உதைங்க. ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், விட்டுப் பிடிங்க. நியூட்ரல் லைட் எரியாது. ஸ்டாண்டை மறக்காம எடுத்துடுங்க. ஹெல்மெட்டோட பட்டையை இப்படி இழுத்தாத்தான் மாட்டும்." ஹெல்மெட்டை அவனே மாட்டியும் விட்டான். ஹாரனைப் பற்றிச் சொன்னான், கண்ணாடியைப் பற்றிச் சொன்னான். லிவரைப் பற்றிச் சொல்லவில்லை. மறைத்தான் என்று யாராவது சொன்னால் அவர்களைச் சும்மா விடமாட்டேன். அந்த லிவர் அவன் நினைவிலேயே இல்லை. இல்லாத விரலை நினைத்துக்கொண்டா ஒருத்தன் வண்டி ஓட்டுவான்?

எனக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலேஜ்ல ஓட்டினது, அப்புறம் ஸ்கூட்டர்தான். பாத்து ஓட்டறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு டிசைனர் கிளம்பினார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. எட்டு கையைத் துடைக்காமலே என்னிடம் வந்தான்.

"அண்ணே, டம்மி பிரேக்கு. நீங்க சொன்னீங்களா?"

"நீ சொல்லலையா?"

இரண்டு பேருமே சொல்லவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான்; அதை ஓட்டிப் பழகினவன் ஆபத்து என்றால் இரண்டு கையையும்தான் இறுக்குவான், கால் பக்கம் அவன் புத்தி போகாது. அவர் எண்ணுக்குப் போன் செய்தேன். டிசைன் அறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்த போன் மணியடித்தது. எட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது, அது முடிகிற இடத்தில் சிக்னல். ஓட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. எதில் ஓடுவது? இருந்த ஒரு வண்டியும் அவரிடம்தான்.

மெயின் ரோட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தும்போதே வாட்ச்மேன் பின்னால் ஓடி வந்தார். டிசைனரின் அடையாள அட்டையில் இருந்த அச்சக எண்ணுக்கு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். சிக்னலில் நின்றுகொண்டிருந்த சிமெண்ட் லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டாராம். உயிர் இருக்கிறது.

"கொழந்தை?" என்றான் எட்டு.

"ஒத்தை ஆளுன்னுதான் சொன்னாங்க" என்றார் வாட்ச்மேன். போகும்போதே நடந்துவிட்டது. திரும்பும்போது நடந்திருந்தால் குழந்தையும் வண்டியில் இருந்திருக்கும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். முன்பின் தெரியாத ஆளிடம் குழந்தையைத் தரமாட்டோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா வரும்வரை பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த அந்தக் குழந்தை அவன் கையைப் பார்த்து, "மீதி விரல் எங்க?" என்று கேட்டிருக்கிறது. "மெஷின் எடுத்துக்குச்சு" என்றானாம். "எங்கப்பா எப்ப வருவாரு?" என்று அடுத்து கேட்டதும், எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானாம்.

டிசைனருக்குத் தொடை எலும்பும் தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தன. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. வண்டியின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி, ஃபோர்க் இரண்டாகி, கேபிள்கள் அறுந்து தொங்கின. எது எங்கே கட்டியிருந்தது என்று எந்தப் போலீஸாலும் கண்டுபிடிக்க முடியாது. நினைவு வந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க சார். வண்டியைப் பாழாக்கிட்டேன். பிரேக்கை இறுக்கிப் பிடிச்ச மாதிரிதான் ஞாபகம். கை தவறிடுச்சு போல." போலீஸிடமும் அதையே சொன்னார்.

முதலாளி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நான் எட்டைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரே அப்படிச் சொல்லிட்டாரு. நீ வாயைத் திறந்தா உன் மேல கேஸ் வரும், வேலை போகும். பேசாம இரு" என்றேன். அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனோம். இரண்டாவது மாடி, ஒற்றை அறையும் சமையலறையும். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் தேறி வந்தது, தோளும் கூடிவிட்டது. ஆனால் டீயை இடது கையால்தான் வாங்கினார். வலது கை மடியில் செத்த மாதிரி கிடந்தது. மனைவி எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "கையில ஒண்ணுமே இல்லைங்கறாங்க டாக்டர். நரம்பு டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு. இவருதான் நம்ப மாட்டேங்கறாரு."

"தேவைப்பட்டப்ப பிடிக்கலையே" என்றார் டிசைனர். சிரிக்கப் பார்த்தார்.

அப்போது மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றது. அவர் உடம்பு பின்னால் போனது. "அம்மாகிட்ட போ கண்ணு. அப்பா கை விட்டுடும்." குழந்தை அழவில்லை. பழகிப்போயிருந்தது. கையைக் கீழே போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனது.

எட்டு டீயைத் தரையில் வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டான்.

"தம்பி, உங்க கை பிடிச்சுது. வண்டியிலதான் பிரேக் இல்ல." ஆரம்பத்திலிருந்து சொன்னான். விரல் போனது, கேபிளைக் கழற்றியது, ஃபோர்க்கில் கட்டியது, போலீஸ்காரர் ஏமாந்தது. "சாவி குடுக்கறப்ப சொல்லியிருக்கணும். சொல்லல. உங்க மேல தப்பே இல்ல. எங்க வேணா வந்து சொல்றேன், எழுதியும் தர்றேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. டிசைனர் தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து, மெல்ல மூடி, மெல்லத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியுமா சார்?"

தலையை ஆட்டினேன்.

"வேற யாருக்கு?"

"எல்லாருக்கும்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அதன் மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார். விடவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வெயிலில் தார் இளகியிருந்தது. நாளைக்கே போலீஸ் வரலாம், அவன் வேலை போகலாம், எல்லாம் எனக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"எட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மெஷின்ல, அன்னிக்கு..."

"டேப்புதானே அண்ணே?"

அவன் ரோட்டைப் பார்த்தபடி பேசினான். "ஆறு மாசம் இந்தக் கையை நான் திட்டாத திட்டு இல்ல. ரெண்டு பட்டனையும் எப்ப அமுக்கினேன்னு ராத்திரி பகலா யோசிச்சேன். அப்புறம் வேலைக்கு வந்து மெஷின் முன்னாடி நின்னா, வலது பட்டனைச் சுத்திப் பிசின் ஒட்டிட்டு இருக்கு. காலையில அதுல நின்னது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கலாமேடா."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான்.

பஸ் வந்தது. அவன் ஏறினான். நான் ஏறுவேன் என்று காத்திருந்துவிட்டு கண்டக்டர் கதவை மூடினார்.