கிளாக்கர் பங்களாவுக்கு வந்த டவுன் தொரை

இது கட்டுக்கதை இல்லை. போன வருடம் ஒரு போயா வெள்ளிக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாளில், நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அதுவும் பகலில். எனக்குச் சொன்னவன் சத்தியம் செய்ய வந்தான், நான்தான் வேண்டாம் என்றேன். அவன் முகமே போதுமாக இருந்தது. பெயரை மட்டும் மாற்றச் சொன்னான். பயத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்ட பிறகுதான் அது வெட்கம் என்று புரிந்தது. நிமலன் என்று வைத்துக்கொள்வோம்.

நிமலனுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. லீவு கிடைத்தால் மலைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றுகிற ஐந்து பேரில் அவனும் ஒருவன். மற்ற நாலு பேருக்கும் அவன் பதுளை டவுன்காரன். மெயின் வீதியில் கடை வைத்திருந்த குடும்பம் என்று எப்போதோ வாய் கூசாமல் சொல்லிவிட்டான். உண்மையில் அவன் பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எட்டாம் நம்பர் காம்பராவில். மூன்று வயதில் அம்மா போய்ச் சேர, அடுத்த வருடம் அப்பாவும் போக, அப்பாவின் அக்கா பாக்கியலெட்சுமிதான் கொழுந்து பறித்து அவனைப் படிக்கவைத்தாள். பதுளை ஹொஸ்டலில் ஒருவன் அவனைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பெயர் அவன் வாயில் வரவில்லை. அத்தையைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஊவா மலையில் இரண்டு நாள் ஓட்டுவதென்று முடிவானது. எங்கே தங்குவது? எல்ல என்ற ஊரைச் சொன்னான் நிமலன். அங்கே நல்ல அறையெல்லாம் போய்விட்டது, மிச்சமிருந்த இடங்களில் சேற்றுச் சைக்கிளை உள்ளே விடமாட்டார்களாம். லுணுகலை என்றான். பாதைக்குத் தூரம் என்றார்கள். அப்போதுதான் ஜஸீல் என்ற கூட்டாளி போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"தோட்டத்து ஒபிஸ் கிளாக்கர் இருந்த பழைய பங்களாவாம்டா. இப்ப வாடகைக்கு விடுறாங்க. வாசல்லயே ஒத்தையடிப் பாதை தொடங்குது."

நிமலனின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவன் தோட்டம். அந்தப் பங்களாவிலிருந்து இருநூறு படி இறங்கினால் அவன் லயம். சிறுத்தை வரும், நெட்வொர்க் இல்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஜஸீல் கேட்கவில்லை. மற்ற மூவரும் சனிக்கிழமை வரட்டும், நாம் முதல்நாளே போய்ப் பார்த்துவிடுவோம் என்று அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ரோட்டுக் கடையில் சாவி வாங்கியபோது மணி 3.50. கடைக்காரர் புது ஆள், அப்படியும் நிமலன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. 4.10க்குப் பங்களா. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜஸீல் குழாயைத் திறந்து பார்த்தான், அறைகளை எண்ணினான், ஐந்து சைக்கிள் நிற்குமா என்று முன் விறாந்தையைக் காலால் அளந்தான். நிமலன் தன் சைக்கிளைப் பின்முற்றத்துக்குத் தள்ளிப்போய், செயின் பார்க்கிற சாக்கில் தலைகீழாக நிறுத்திவிட்டு, குசினி அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொண்டான். அங்கே நின்றால் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியாது.

4.32.

வெளியே சத்தம். டிக்... டிக்... டிக்...

சைக்கிளின் பின்சக்கரம் சுற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தான். காற்று இல்லை. யாரும் தொடவில்லை. சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு நின்றது.

குசினி வாசலில் ஒரு பெண். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குச் சாக்கு, கொழுந்துக்குப் போகிற கோலம். போயா அன்று மலையில் வேலையே இல்லை. கூரையெல்லாம் பனி சொட்டியது. அவள்மேல் ஒரு துளி ஈரம் இல்லை. தைல வாசம் மட்டும் குப்பென்று வந்தது.

அத்தை.

அவன் வாயைத் திறக்குமுன் முதுகுப் பக்கம் ஜஸீலின் குரல்.

"யார்ரா?"

"தெரியல. லயத்து ஆளு போல."

சொல்லிவிட்டான். ஓர் எட்டுத் தூரத்தில் நின்றவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் முகம் மாறவில்லை. கிளாக்கர்மார் முன்னால் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"தொரைமாரு எந்த ஊருங்க?"

"பதுளை டவுன்."

"நல்லதுங்க. தேயிலைச் சாயத்தண்ணி போட்டுக் கொண்டாரச் சொல்லவா?"

"உள்ளுக்கு வாங்கம்மா," என்றான் ஜஸீல்.

"வேணாங்க. நா இனி உள்ள வரக் கூடாதுங்க."

திரும்பினாள். இரண்டு எட்டு. நின்றாள். முகத்தைக் காட்டாமலே சொன்னாள்.

"பனி எறங்குது. காதக் கட்டிக்கங்க தொரை. வலி வந்தா விடிய விடிய அழுவீங்க."

நிமலனுக்குச் சின்ன வயதிலிருந்து காது வலி. கொழும்பில் யாருக்கும் தெரியாது.

"ஒனக்கு இவங்களத் தெரியுமா?" என்றான் ஜஸீல்.

நிமலன் முற்றத்துக்கு ஓடினான்.

யாரும் இல்லை...

சரளைக் கல்லில் காலடிச் சத்தம் இல்லை...

படிக்கட்டு வெறுமையாகக் கிடந்தது...

டிக்... டிக்... டிக்...

4.41.

இருநூறு படி. ஓடினால் இரண்டு நிமிடம். கால் முன்னால் போகத்தான் பார்த்தது. திரும்பி ஜஸீலைப் பார்த்தான். கால் நின்றுவிட்டது. பேயோ மனுஷியோ, அந்த நேரத்திலும் இவன் முன்னால் மாட்டிக்கொள்வேனோ என்றுதான் யோசித்தேன் என்று என்னிடம் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயத்தண்ணி வரவில்லை. இந்த இடம் சரிவராது என்றான் நிமலன். ஜஸீலும் மறுபேச்சுப் பேசவில்லை. கதவைப் பூட்டியபோது மணி 5.20. அன்றிரவு எல்லவில் ஒரு புழுக்கமான அறையில் தங்கினார்கள்.

சனிக்கிழமை காலை 7.05க்குப் போன் வந்தது. பக்கத்துக் காம்பரா சரஸ்வதி அக்கா. அத்தை முதல்நாள் போய்விட்டாளாம். ஒபிஸில் அவசரம் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை அங்கேயே விட்டு, பஸ் ஏறினான். அடக்கம் முடிந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது சரஸ்வதி அக்கா அருகில் வந்தாள்.

"எட்டு மாசமா படுக்கை தம்பி. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிருச்சு. நீ வந்தா ஒன் கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சிருமாம்."

சரஸ்வதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்து நாலரைக்கு மூச்சு நின்ன மாதிரி கெடந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னு அழ ஆரம்பிச்சிட்டோம். அஞ்சு மணி போல கண்ணத் தொறந்து, கிளாக்கர் பங்களாவுக்கு டவுன் தொரைமாரு வந்திருக்காங்க, சாயத்தண்ணி போட்டுக் கொண்டு போங்கடின்னுச்சு. ஏதோ பொலம்புதுன்னு விட்டுட்டோம். அஞ்சு இருவதுக்குப் போயிருச்சு."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குளிப்பாட்டையில பாத்தோம் தம்பி... காலுல அட்டை. மூணு. ரத்தங் குடிச்சு ஊதிப்போயி. கட்டில விட்டு எறங்காத காலு."

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் நிமலனைப் பார்த்தார்கள்.

"யாரு அந்தத் தொரைன்னு கேட்டோம். எனக்குத் தெரியாதவங்கன்னு மொகத்தத் திருப்பிக்கிச்சு. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா தம்பி, யாரு வந்தாங்கன்னு?"

நிமலன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"தெரியாதுக்கா," என்றான்.