ஆண்டறிக்கையில் எங்கள் காடு

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்கள் இரண்டே பேர். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவர் ஒருவர், இன்னொருவர் நான். அவருக்கு அது வேலை. எனக்கு அது வயிற்றெரிச்சல். "பயனற்றுக் கிடந்த தரிசு நிலத்தில் நிறுவப்பட்ட மலைப்பயிர் ஆராய்ச்சி நிலையம்" என்று அதில் ஒரு வரி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடமும் வந்தது, பேராசிரியர் ஆன வருடமும் வந்தது. அந்தத் தரிசில்தான் என் அப்பா சாமை விதைத்துக்கொண்டிருந்தார்.

நான் கொல்லிமலைக்காரி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில், சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர் எனக்கு. பல்கலைக்கழகம் கீழே சமவெளியில் இருக்கிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் மட்டும் மேலே, எங்கள் ஊரை ஒட்டி. அப்பாவுக்குக் கல்யாணமான புதிதில் ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்களாம். இங்கே பெரிய படிப்பு வரப்போகிறது, உங்கள் பிள்ளைகள் எல்லாம் படித்து ஆளாவார்கள் என்று சொன்னார்களாம். ஊரே நம்பி, உழுது விதைத்த காட்டைக் கொடுத்தது. அந்தப் பேச்சு பலித்தது என் ஒருத்திக்குத்தான். என்னோடு விளையாடியவர்கள் இன்று அதே காட்டில் ஆராய்ச்சிப் பாத்திக்குக் களை பறிக்கிறார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொல்கிறேன்.

காட்டைக் கொடுக்கும்போது ஊர் ஒன்றே ஒன்று கேட்டது. நடுக்காட்டில் எங்கள் காட்டுச்சாமி நிற்கிறது. ஒரு கல், அவ்வளவுதான். அறுப்பு முடிந்ததும் புதுச் சாமையில் அங்கே பொங்கல் வைத்த பிறகுதான் வீட்டில் புது அரிசியைத் தொடுவோம். அதற்கு வழி வேண்டும் என்றார்கள். அன்றைக்கு இருந்த அதிகாரி நல்ல மனுஷன். வேலி போட்டவர்களிடம் சொல்லி, ஓர் இடத்தில் திறந்து மூடுகிற மாதிரி மூங்கில் படல் கட்ட வைத்தார். எங்கள் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம் அந்தப் படல்தான். அதற்கு ஆணையும் இல்லை, தீர்மானமும் இல்லை. வருடா வருடம் திறந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு அப்பா போன் செய்தார்.

"கண்ணு, படலுக்கு முன்னால சுண்ணாம்புக் கோடு போட்டிருக்காங்க. செவுரு வருதாமா. கேட்டா, ஆபீஸ்ல கேளுங்கங்கறாங்க. நாங்க எந்தப் பக்கமாச் சாமிக்குப் போறது?"

மறுநாளே பதிவாளர் அறைக்குப் போனேன். பதிவாளர் என்றால் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருப்பவர். துணைவேந்தர்கள் வருவார்கள், போவார்கள், பதிவாளர் மேசையில் இருக்கிற கோப்புகள் மட்டும் அங்கேயே இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். ஆண்டறிக்கையைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார்.

"தரிசு நிலம்னு தெளிவா இருக்கு மேடம். தரிசுல யாருக்கு என்ன வழி? நம்ம வரலாற்றுலயே அப்படி ஒரு குறிப்பு கிடையாது."

"என் அப்பா உழுத காடு சார் அது."

"இருக்கலாம். ஆனா பேரவை ஒவ்வொரு வருஷமும் ஏத்துக்கிட்ட வாசகம் இது. நீங்களும்தான் கை தூக்கியிருக்கீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குச் சோறு போடுது. அதையும் நினைச்சுப் பாக்கணும்."

உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. எழுந்து வந்தேன்.

ஒரு பொய் எங்கள் இடத்தில் எப்படி வரலாறாகிறது என்பதை அன்று மதியம் உட்கார்ந்து யோசித்தேன். பிரிவு எழுத்தர் போன வருட அறிக்கையைப் பார்த்து இந்த வருடத்துக்கு எழுதுவார். கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் வைப்பார். துணைப் பதிவாளர், பதிவாளர் என்று மேலே ஏறும். ஆட்சிக்குழு கூடிச் சரி என்னும். ஆட்சிக்குழுதான் பணமும் பதவியும் முடிவாகிற இடம், அங்கே ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்க யாருக்கும் பொழுதில்லை. கடைசியில் பேரவைக்கு வரும். ஆசிரியர்கள், பட்டதாரிகள், கல்லூரி முதல்வர்கள் என்று ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கூடி, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஆண்டறிக்கையைக் கைதட்டி ஏற்பார்கள். ஆசிரியர் தொகுதியிலிருந்து நானும் அதில் உறுப்பினர். என்னை எதிர்த்து யாரும் நிற்காததால் ஜெயித்தவள்.

பேரவைக்கு வந்துதானே பொய் உண்மையாகிறது? அங்கேயே கை வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். "பயனற்றுக் கிடந்த தரிசு நிலத்தில்" என்பதை எடுத்துவிட்டு, "ஊரார் சாமை விளைவித்துவந்த காட்டில்" என்று சேர்க்க வேண்டும். விதிப்படி திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.

அன்றைய கூட்டத்தில் என் முறை வந்தபோது மணி ஒன்றாகிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தலைமை வகித்த துணைவேந்தர் கேட்டார்:

"வழிமொழிபவர் யாராவது உண்டா?"

திருத்தத்தை இன்னோர் உறுப்பினர் வழிமொழியாவிட்டால் அது பேசாத பேச்சு. மண்டபத்தைப் பார்த்தேன். என்னோடு தினமும் டீ குடிக்கிறவர் போனில் மூழ்கிவிட்டார். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் இருவர் மின்விசிறியைப் பார்த்தார்கள். சமூக நீதி பற்றிப் புத்தகம் எழுதியவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் இல்லை. மேடம், உட்காருங்க."

நான் உட்காரவில்லை.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கு என்று ஊர் கூடினால், முடிவு தெரியாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. பசித்தாலும் மழை பெய்தாலும் அங்கேயேதான். இங்கே எழுந்து நின்றுதான் பேச வேண்டும் என்பதால் நான் நின்றேன். துணைவேந்தர் மறுபடி சொன்னார். பதிவாளர் மைக்கில் விதியைப் படித்தார். "தெரியுங்க சார். யாராவது வழிமொழிவாங்க. நான் நிக்கிறேன்," என்றேன். அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி என் அப்பா எப்படிப் போவார் என்று நினைத்தபோது உட்காரத் தோன்றவில்லை.

பிரியாணி வாசம் இன்னும் கூடியது. பின்வரிசையில் முணுமுணுப்பு. திடீரென்று வேதியியல் பேராசிரியர் எழுந்தார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆய்வகத்துக்கு இடம் பிரித்ததில் பழைய சண்டை.

"நான் வழிமொழியறேன். சுகர் மாத்திரை போட்டு அரை மணி நேரமாச்சு. இந்தம்மா உட்கார மாட்டாங்க, எனக்குத் தெரியும்!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். எந்தக் காரணத்துக்காக வந்தால் என்ன, வழிமொழிந்தது வழிமொழிந்ததுதான்.

துணைவேந்தர் கைவசம் இருந்த பழைய வித்தையை எடுத்தார்: குழு. எங்கள் இடத்தில் ஒரு விஷயத்தைப் புதைக்க வேண்டுமென்றால் குழு போடுவார்கள். வேதியியல்காரரும் பதிவாளரும் உறுப்பினர்கள், எனக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி. குழு அறிக்கை தரும்வரை சுவர் வேலை நிற்கும். என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனால் குழு எங்கே, எப்போது கூடும் என்பதை முடிவு செய்வது ஒருங்கிணைப்பாளர். விதிப் புத்தகத்தை அவர்கள் மட்டும்தான் படிப்பார்களா?

ஊருக்கு மிச்சமிருக்கிற நிலத்தில் சாமை அறுப்பு முடியும்வரை காத்திருந்தேன். பொங்கல் வைக்கும் நாளன்று, காட்டுச்சாமி கல்லுக்கு முன்னால் குழுக்கூட்டம் என்று கடிதம் அனுப்பினேன். பதிவாளர் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, படலைத் திறந்து, என்னோடும் வேதியியல்காரரோடும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அவர் ரொம்ப நேரம் தலையை நிமிர்த்தவில்லை. காட்டுக்குள் குறுக்கே ஓடிய பழைய கல்வரப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தரிசுக்கு யாரும் வரப்பு கட்ட மாட்டார்கள்.

கூட்டம் நடந்தது. பொங்கலும் பொங்கியது. பதிவாளர் என்னிடம் சொன்னது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. வாழை இலையில் பதிவாளருக்குச் சாமைப் பொங்கலை அள்ளி வைத்துவிட்டு அப்பா கேட்டார்:

"ஏனுங்க, எங்க ஊட்டுச் சோறு புடிச்சிருக்குதுங்களா? இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க சாமி."

நான் பதிவாளர் முகத்தையே பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "போடுங்க ஐயா," என்றார். கை கழுவிய பிறகு நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். கூட்டம் நடந்த இடம் என்ற வரிக்கு வந்ததும் நின்று, என்னைக் கேட்காமல் அப்பாவைக் கேட்டார்.

"இந்த இடத்துக்கு என்ன பேருங்க?"

"பலாமேட்டுக்காடுங்க. சாமைக் காடு."

அப்படியே எழுதினார். ஆண்டறிக்கை வரி மாறும், சுவர் இல்லை, படல் இருக்கும் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆட்சிக்குழு வழக்கம்போலத் திறந்து பார்க்காமல் சரி என்றது. இந்த ஒரு தடவை அந்தச் சோம்பல் எனக்கு இனித்தது.

போன மாதம் புது ஆண்டறிக்கை வந்தது. ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஊரார் சாமை விளைவித்துவந்த பலாமேட்டுக்காட்டில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம்." இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். அவர் மகிழ்ந்துபோவார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப நம்ம காடுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார்.

"ஆமாங்கப்பா."

"அப்பறம் எப்பக் கண்ணு திருப்பிக் குடுப்பாங்க?"

கீழே இறங்கியதும் முதல் வேலையாக அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, அடுத்த பேரவைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். தீர்மானமாகவே கொடுத்திருக்கிறேன், வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். கிடைக்கும்வரை நிற்பேன். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.