முகத்துக்கும் போடலாம்

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். போர்ட் கிள்ளான் பேக்டரியில் வேலை செய்த ஒரு பெண் மாதாமாதம் வந்து ஒரே களிம்பை வாங்கிப் போவார். முதலில் கேட்டது கை அரிப்புக்கு. அரிப்பு போனதோடு அந்த இடம் வெளுத்தும் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள், முகத்துக்கும் போடலாமா என்று கேட்டார். டியூபோடு வரும் தாளை நான் படித்ததே இல்லை. "தாராளமா போடலாம்மா" என்றேன்.

மூன்று வருடத்தில் கன்னம் சிவந்து, தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. மோவாயில் பூனைமுடி. வெயிலுக்குப் பயந்து ஈரக் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டேதான் கடைக்குள் வருவார்.

"டாக்டரு நிறுத்தச் சொல்றாரு லா அண்ணே. நிறுத்துனா நெருப்பு வச்ச மாதிரி எரியுது. குடுங்க."

கொடுத்தேன்.

ஒருநாள் தங்கையோடு வந்தார். அவளையும் பெண் பார்க்க வருகிறார்களாம். அவளும் அதே டியூபைக் கேட்டாள். "நாலு நாளைக்குத்தானே அண்ணே" என்றாள்.

அக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம்னு நீங்களே சொல்லுங்கண்ணே. என் பேச்சக் கேக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா. நானும் நீங்க சொன்னதத்தானே கேட்டேன்."

அந்தக் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்ததா என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். இல்லை.