நீலத் திரையைக் கைகாட்டியது நான்தான்

ஆறு பேரும் கை கழுவிக்கொண்டு வந்து நின்றோம். மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்த கை. ஈரம்கூடக் காயவில்லை. மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் கீபோர்டைச் சுற்றி ஆபீஸ் மேடம் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்திருந்தார். "அழுக்காகாது, தைரியமாத் தொடுங்க" என்றார். யாரும் தொடவில்லை. எங்களில் மூத்தவரை அண்ணாத்தே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் ஒரு விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, அம்பது டன்னு பிரஸ்ல கைய வுடுறே, இதுக்குப் போயி பயந்துகினு கீறியே" என்று ஒருவன் சிரித்தான். "பிரஸ்ஸு கைய மட்டுந்தான்டா எடுக்கும். இது சோத்தையே எடுத்துரும்" என்றார் அவர். மேடமும் சிரித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பெனிக்கு ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் ஷெட் மேனாம்பேட்டில். தகட்டில் துளை போட்டுக் கொடுப்பது வேலை. எங்கே துளை விழ வேண்டும் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கும். முன்பு அதை ஃப்ளாப்பியில் போட்டு சைக்கிளில் கொடுத்தனுப்புவார்கள். வழியில் தூசு, இங்கே எண்ணெய். பாதி நாள் ஃப்ளாப்பி திறக்காது, மிஷின் சும்மா நிற்கும். அதனால் டெலிபோன் லைன் வழியாகவே ஃபைலை வரவழைப்பது என்று முடிவு செய்தார்கள். காலையில் ஷெட்டில் இருப்பவனே அன்றைய ஃபைலை ஆபீசிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று பார்க்கிற பொறுப்பு மேடத்துக்கு வந்தது. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் கையில்தான். மேனேஜர் எங்களை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "இவங்களால முடிஞ்சா இவங்களே பாக்கட்டும். முடியலன்னா டிப்ளமா பசங்களப் போட்டுக்கலாம்." அதற்குப் பிறகு மேடம் தேடியது நல்ல சாஃப்ட்வேரை இல்லை, எங்களால் முடிகிற சாஃப்ட்வேரை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

இரண்டு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார், ஒவ்வொன்றும் ஒரு வாரம். முதலாவது நீலத் திரை. நடுவில் கோடு. இடப்பக்கம் எங்கள் ஷெட், வலப்பக்கம் ஆபீஸ். டேப் பொத்தானைத் தட்டி வலப்பக்கம் போய், ஃபைல்மேல் நின்று எஃப் அஞ்சு பொத்தானைத் தட்டினால் இந்தப் பக்கம் வந்துவிடும். இரண்டாவதில் கறுப்புத் திரை, இரண்டே வரி. ஒன்று தட்டினால் வாங்கும். இரண்டு தட்டினால் அனுப்பும். வேறு எதுவும் கிடையாது. மேடம் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "எந்த இடத்துல தடுக்குது?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். எங்களை அப்படி யாரும் கேட்டதில்லை. ஷெட்டில் எங்களைக் கேட்பதெல்லாம் எத்தனை பீஸ் ஆச்சு என்பதுதான்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். நீலத் திரை வந்த வாரம் ஒரு அட்டைப்பெட்டி மூடியில் கீபோர்டைப் பார்த்து வரைந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். தினமும் தட்டிப் பழகினேன். டேப் ஒன்று. கீழ் அம்பு மூன்று. எஃப் அஞ்சு. என்டர் இரண்டு. அன்றைய ஃபைல் எப்போதும் ஒரே பெயரில், ஒரே வரிசையில் இருக்கும்படி மேடம் வைத்திருந்தார். அதனால் கணக்குத் தப்பவில்லை. கடைசியில் ஒரு கட்டம் வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்கும். என்டர் தட்டினால் போய்விடும். திரையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எதை வாங்குவது என்று முடிவு செய்கிற அன்று மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். மேடம் கறுப்புத் திரையைக் காட்டி, மெதுவாகத்தான் போகும், லைன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் யாருக்கும் தப்பாகாது என்றார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டா? எல்.கே.ஜி. பசங்களுக்கா மேடம் வாங்குறோம்?" என்றார். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு முகம் காந்தியது. யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். நீலத் திரையைப் போட்டு டகடகவென்று தட்டினேன். ஃபைல் வந்தது. "பாருங்க, இவரே போடுறாரே!" என்றார் மேனேஜர். மேடம் என் பக்கம் குனிந்தார். "உண்மையச் சொல்லுங்க. இது ஈஸியா இருக்கா? இல்லன்னா மத்ததையே கேட்டு வாங்கறேன். சண்டையானாலும் பரவால்ல."

"ஈஸிதான் மேடம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நீலத் திரையையே வாங்கினார்கள். மற்றவர்களுக்கு நானே கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தது என் எண்ணிக்கையை. அட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

ஆவடியில் மச்சான் வீட்டு விசேஷத்துக்காக ஒரு நாள் லீவு போட்டேன். அன்று அண்ணாத்தே உட்கார்ந்தார். நடந்தது இதுதான், எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அவருக்கு முன்னால் யாரோ டேப்பைத் தட்டி, திரையை வலப்பக்கம் விட்டுப் போயிருக்கிறார்கள். அவர் தட்டிய ஒரு தட்டில் அது எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. எங்களிடம் இருந்த நேற்றைய ஃபைல் ஆபீசுக்குப் போய், இன்றைய ஃபைலை அழித்து அதன்மேல் உட்கார்ந்தது. உட்காரட்டுமா என்று அந்தக் கட்டம் கேட்டிருக்கிறது. அவர் என்டர் தட்டியிருக்கிறார். நானும் தினமும் அப்படித்தான் தட்டினேன். மிஷினில் ஓடியது நேற்றைய ஃபைல். தகடு அதே அளவு. துளை மட்டும் இடம் மாறி விழுந்தது, நாள் முழுக்க. வாங்கிய கம்பெனி லோடை அப்படியே திருப்பிவிட்டது.

"நீ சொன்ன மாறிதான்டா தட்னேன். ஒண்ணு, மூணு, எஃப் அஞ்சு, ரெண்டு. எத்தடா வுட்டேன்?" என்று அண்ணாத்தே என்னைக் கேட்டார். அவர் எதையும் விடவில்லை. "தெரியல அண்ணாத்தே" என்றேன். அது பொய் இல்லை. அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதத்தில் டிப்ளமா படித்தவர்கள் வந்தார்கள். நாங்கள் மூன்று பேர் பேக்கிங்குக்குப் போனோம். மற்ற இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

ஆபீசில் மேடம்தான் தப்பானதைத் தேர்ந்தெடுத்தார் என்று பேச்சானது. அவரும் வேலையை விட்டார். போகிற அன்று சாஃப்ட்வேரோடு வந்த புத்தகத்தை எடுத்துப்போக ஷெட்டுக்கு வந்தார். பேக்கிங் மேஜையில் என்னைப் பார்த்து நின்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்க செஞ்சீங்களே. உங்களுக்கு வந்தது அவருக்கு ஏன் வரல? நான் எங்க தப்புப் பண்ணேன்?" நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியாது மேடம், எண்ணிக்கைதான் தெரியும். இந்த ஒரு வரிதான் பதில். வாய் வரை வந்தது. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். மேடம் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "சொல்லிக் குடுத்தது சரியில்ல போல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

இப்போது எனக்கு வேலை இல்லை. மருந்து வாங்க அம்பத்தூர் வருவேன். போன வருஷம் ஸ்டேஷனில் நிற்கும்போது எதிர் பிளாட்பாரத்தில் மேடத்தைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. அவரும் என்னைக் கண்டுகொண்டார். கை தூக்கினார். நானும் தூக்கினேன். அந்தப் பக்கம் போகிற படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. அவர் வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் என்று மைக்கில் சொன்னார்கள். நான் இந்தப் பக்கமே நின்றேன். பத்து நிமிஷமும் நின்றேன்.