ரத்தம் பார்க்கலாமா என்று கேட்டவள்

நான் பொய் சொன்னேன், அதுவும் தெரிந்தே! தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு பெண் என்னிடம் கேள்வி கேட்டாள். நான் அவள் வாயை அடைத்தேன்.

பூதலூர்ப் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், கல்யாணம் செய்யப்போகிறவர்களுக்கு ஒருநாள் வகுப்பு உண்டு. அதில் உடல்நலம் என் பொறுப்பு. நான்தான் விலங்கியல் டீச்சர் ஆயிற்றே! ஆற்றில் தண்ணீர் வருவது நிச்சயமில்லாமல் போய், வாலிபர்கள் பம்பாய்க்கு ரயிலேறிய காலம் அது. லீவில் வருவார்கள், தாலி கட்டுவார்கள், போய்விடுவார்கள்.

எய்ட்ஸ் பற்றிய அரசுப் பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். ஆணுறையை எப்படிப் பிரிப்பது, எப்படி அணிவது என்று எல்லாம் காட்டி, ஒரு பெட்டி நிறையக் கொடுத்தும் அனுப்பினார்கள். அதைப் பரணில் போட்டேன். வகுப்பில் என்ன பேசினேன் தெரியுமா? சத்து மாத்திரை... முருங்கைக்கீரை... கற்போடு வாழ்ந்தால் நோய் அண்டாது என்று ஒரு பிரசங்கம் வேறு! பங்குச் சாமியார் தடுத்தாரா? இல்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் ஸ்டெல்லா தயங்கித் தயங்கி வந்தாள். என்னிடம் பத்தாவது படித்தவள். கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்து, அவள் கல்யாணத்தை ஊருக்கே அறிவித்தாகியிருந்தது.

"டீச்சர், அவரு அஞ்சு வருஷமா பம்பாய்ல இருக்காரு. ரத்தம் பாத்துக்கங்கன்னு சொல்லலாமா?"

"அதான் பாத்திருக்காங்களே, ஓ பாசிட்டிவ்னு. இதுக்கு மேல கேட்டா கல்யாணம் நின்னுடும்மா."

சம்பந்தம் பேசும்போதே இரு வீட்டிலும் ரத்த வகை பார்ப்பது அப்போது வழக்கமாகியிருந்தது. அதில் இந்த நோய் தெரியாது. எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் முகம் தெளிந்துவிட்டது... பாவி நான்!

நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பீர்கள், குடிப்பானா என்று ஆள் விட்டு விசாரிப்பீர்கள். இதைக் கேட்க மட்டும் உங்களுக்கும் வாய் வராது. வெட்கமாம், வெட்கம்! யாருடைய வெட்கத்துக்கு யார் சாவது?

முதல் பிள்ளையைச் சுமந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நோய் இருப்பதைக் கண்டார்கள். எங்கே போய் வாங்கி வந்தாள் என்று மாமியார் வீடு அவளைத்தான் கேட்டது. அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! இரண்டே வருடத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை தப்பியது. அவள் மாத்திரையில் உயிர் வாழ்கிறாள்.

போன வருடம் கோயில் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அவளாகவே வந்து என் கையைப் பிடித்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பல்லாம் உங்களுக்கும் இதப்பத்தித் தெரியாதுல்ல, டீச்சர்."

ஆமாம் என்று தலையாட்டினேன்...