செல்லூர் வீட்டில் இரண்டு குழிகள்

என் கணவர் மௌத்தானபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மதுரை டவுனுக்குள் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து பார்த்தால், கடையை விற்ற பணமும் இரண்டு பெண் குழந்தைகளும்தான் மிச்சம். வட்டிக்கு விடுவது நமக்கு ஹராம். ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், அண்ணன் வீட்டு அடுப்படியில் தட்டை நீட்டாமல் பிள்ளைகளை வளர்த்துவிடலாம். வீடு காலியாகக் கிடந்தால் அதுவும் போச்சு. இது நடந்தது, ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மதராஸ் ஜனங்கள் மதுரைக்கு ஓடி வந்தார்களே, அதற்கு முந்தைய வருஷம்.

இரண்டு வீடுகள் விலைக்கு வந்தன. ஒன்று டவுனில், பள்ளிவாசலை ஒட்டிய சந்தில். மற்றது வைகைக்கு வடக்கே, செல்லூரில். என் மனசு முழுக்க டவுன் வீட்டில்தான். செல்லூர் வீட்டில் மண் தரை. அதில் முழங்காலுக்கு மேல் ஆழமாக இரண்டு குழிகள். முன்பு தறி போட்டிருந்தார்களாம்.

இரண்டில் எது என்று அல்லாஹ்விடமே வழி கேட்டு இஸ்திகாரா தொழுதேன். எது நல்லதோ அதை எளிதாக்கு, மற்றதை என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று அழுது துஆ கேட்டேன். கனவில் பச்சையோ வெள்ளையோ வந்தால் நல்ல குறி என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தேன். கனவில் ஒரு பூனைகூட வரவில்லை. அதற்குள் டவுன் வீட்டுக்காரர் மனம் மாறி, விற்கவில்லை என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் செல்லூர் வீட்டை வாங்கினேன். என் துஆ கபூலாகவில்லை, அல்லாஹ் அதை ஏற்கவில்லை என்றே நினைத்தேன்.

அண்ணன் டவுனிலிருந்து தெரிந்த ஆட்களையெல்லாம் கூட்டி வந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிப் போனார்கள். "பிள்ளைக விழுந்தா காலு ஒடிஞ்சு போகும்" என்றார் ஒருவர். மாதங்கள் ஓடின. என் வளையல்களை விற்றுச் சாப்பிட்டோம். கடைசியில் குழியை மூட ஒரு வண்டி மண் இறக்கினோம். அன்றைக்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொத்தனார் வரவில்லை. வாசலில் மண் கரைந்து ஓடியது. "யா அல்லாஹ், ஒரு குழியை மூடக்கூடவா எனக்கு வழியில்லை?" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மழை விட்டதும் அதே தெருவில் நெசவு செய்யும் லட்சுமி தன் கணவரோடு வந்தாள். அந்த மழையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சுவர் விழுந்துவிட்டது. தறியைப் பிரித்து வைத்துக்கொண்டு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, இந்த மண்ணு எதுக்கு?"

"குழிய மூடத்தான்" என்றேன்.

"மூடிப்புடாதீக. குழி இல்லாத வீட்ல நாங்க எங்குட்டுக் கால விட்டு உக்காந்து நெய்யிறது? வீட்ட எங்களுக்கே குடுங்க."

கூட நின்ற அண்ணன் தலையைச் சொறிந்தார். "இம்புட்டு நாளா டவுனையே சுத்துனேன். இந்தத் தெருவுல ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையே" என்றார்.

அந்த வாரமே குடி வந்தார்கள். மிச்ச மண்ணைக் குழைத்து, காரை பெயர்ந்த பின்சுவருக்கு லட்சுமியின் கணவரே பூசிவிட்டார். வீடு அப்புறம் காலியானதே இல்லை. என் பிள்ளைகள் என் சமையலைச் சாப்பிட்டே வளர்ந்தார்கள். மூத்தவளுக்கு நிக்காஹ்கூட முடிந்துவிட்டது.

செல்லூருக்குப் போனால் தெருமுனையிலேயே அந்தத் தறிச் சத்தம் கேட்கும். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே நடப்பேன். கேட்டது கிடைக்கவில்லையே, கனவும் வரவில்லையே என்று கலங்கும் சகோதரிகளே, துஆ கேளுங்கள். கேட்டபின் அவனிடம் விட்டுவிடுங்கள். நான் மண்ணைப் போட்டு மூடப் பார்த்த குழியில்தான் அவன் எங்கள் சோற்றை வைத்திருந்தான்.